ஐசிஎஸ் வேலையா, ஒலிம்பிக்கா? ஹாக்கி டிஃபண்டர் ஜெய்பால் சிங் முண்டா எடுத்த முடிவும், அதற்குப் பிறகு நடந்ததும்

1928 மே 26. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின் ஹாக்கி இறுதிப் போட்டி. நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-0 என்று வென்று இந்தியா முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது. மொத்தம் ஐந்து ஆட்டங்கள். அடித்த கோல் 29, வாங்கிய கோல் பூஜ்ஜியம்.

தியான்சந்த் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த அணிக்குக் கேப்டன் யார் என்று கேட்டால்தான் பலருக்கும் தடுமாற்றம் வரும். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் ஜெய்பால் சிங் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிலும் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இறுதிப் போட்டி அன்று அந்தக் கேப்டன் மைதானத்திலேயே இல்லை என்பது.

தடுப்பாட்டக்காரர், ஐசிஎஸ் பணியை உதறியவர், ஆசிரியர், சமஸ்தான அதிகாரி, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ஜார்க்கண்ட் மாநிலத்துக்காக முதலில் கட்சி கட்டியவர். ஒரே மனிதர் இவ்வளவும் செய்தார். அதில் ஜெயித்தவையும் உண்டு, சறுக்கியவையும் உண்டு.

மாடு மேய்த்த பையன்

இன்றைய ஜார்க்கண்டின் குந்தி மாவட்டத்தில் இருக்கிறது டக்ரா கிராமம். அங்கே 1903 ஜனவரி 3 அன்று ஒரு முண்டா பழங்குடிக் குடும்பத்தில் ஜெய்பால் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் பிரமோத் பாஹன் என்பார்கள். நிலத்தைப் பறித்தவர்களுக்கும் பிரிட்டிஷ் ஆட்சிக்கும் எதிராக அதே வட்டாரத்தில் எழுந்த பிர்சா முண்டா ராஞ்சி சிறையில் இறந்தது 1900ல். அதாவது, அந்தக் காயம் ஆறாத ஊரில்தான் இந்தப் பையன் மாடு மேய்த்து வளர்ந்தான்.

ராஞ்சியில் ஆங்கிலிக்கன் மிஷன் நடத்திய செயின்ட் பால்ஸ் பள்ளியில் சேர்ந்தார். படிப்பு, விளையாட்டு, பேச்சு மூன்றிலும் பையன் கெட்டி என்பதைத் தலைமை ஆசிரியர் காஸ்கிரேவ் பாதிரியார் கவனித்துவிட்டார். இங்கிலாந்து திரும்பியபோது அவனையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார். கேன்டர்பரியில் செயின்ட் அகஸ்டின் கல்லூரி, பிறகு 1922ல் ஆக்ஸ்போர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. பொருளாதாரத்தில் ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். கல்லூரி விவாத மன்றத்துக்குத் தலைவராகவும் ஆனார்.

பாதிரியாரின் நோக்கம் பையனை இன்னொரு பாதிரியாராக ஆக்குவது. பையனுக்கோ மனசு வேற பக்கம் இருந்தது.

ஃபுல் பேக் என்றால் என்ன வேலை?

கோவில்பட்டியில் ஹாக்கி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

அந்தக் காலத்து ஹாக்கியில் அணி நிற்கும் விதமே வேறு. முன்னால் ஐந்து ஃபார்வர்டுகள், நடுவில் மூன்று ஹாஃப் பேக்குகள், பின்னால் இரண்டே இரண்டு ஃபுல் பேக்குகள், கடைசியில் கோல்கீப்பர். எதிரணியின் ஐந்து பேர் பாய்ந்து வந்தால் முட்டுக்கொடுக்க வேண்டியது அந்த இரண்டு பேர்தான். இன்றைய மாதிரி ஆள் மாற்றி ஆள் இறக்கும் வசதியும் இல்லை. ஆட்டம் முழுக்க அதே ஆட்கள்.

மைதானம் புல்தரை. பந்து எங்கே எகிறும் என்று யாராலும் கணிக்க முடியாது. அதோடு அப்போது ஆஃப்சைடு விதியும் உண்டு. கோல்கீப்பரையும் சேர்த்து எதிரணியின் மூன்று பேராவது தனக்கும் கோலுக்கும் நடுவே இருந்தால்தான் ஃபார்வர்டு அங்கே நிற்கலாம். எனவே கெட்டிக்கார ஃபுல் பேக் ஓடிப் பிடிப்பதைவிட, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்று யோசித்தே எதிரியை ஆஃப்சைடில் மாட்டிவிடுவார். காலை விடத் தலைக்கு வேலை அதிகம்.

ஜெய்பால் இந்த வேலையில் பேர் வாங்கினார். தப்பாட்டம் இல்லாமல் பந்தைப் பறிப்பது, பறித்ததைக் குறிபார்த்து வலுவாக முன்னே அனுப்புவது. இந்த இரண்டும் அவர் அடையாளம் என்று அன்றைய விளையாட்டுப் பத்திகள் பாராட்டின. கேம்பிரிட்ஜுக்கு எதிரான ஆட்டத்தில் பல்கலைக்கழகத்துக்காகக் களமிறங்குகிறவர்களுக்கு ஆக்ஸ்போர்டு தரும் கௌரவம் ‘ப்ளூ’. ஹாக்கியில் அதை வாங்கிய முதல் இந்திய மாணவர் இவர்தான்.

லீவு கிடைக்கவில்லை

பட்டம் வாங்கிய கையோடு ஐசிஎஸ் தேர்விலும் ஜெயித்தார். இன்று ஐஏஎஸ் கிடைத்தாலே ஊரில் பேனர் வைக்கிறோம். அன்று ஐசிஎஸ் என்றால் அதற்கும் பல மடங்கு மேல். பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களை ஆண்டவர்கள் சில நூறு ஐசிஎஸ் அதிகாரிகள்தான். அதில் ஒருவராக ஒரு முண்டா இளைஞன் வருவது என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆக்ஸ்போர்டில் அவர் பயிற்சியில் இருந்தபோதுதான் 1928 ஒலிம்பிக் வந்தது. இந்தியா முதன்முதலாக ஹாக்கி அணி அனுப்புகிறது. அணி பம்பாயில் கப்பல் ஏறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர் என்பார்கள். கேப்டன் பொறுப்பு இங்கிலாந்தில் இருந்த ஜெய்பாலுக்கு வந்தது. அவர் அங்கேயே அணியோடு சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

லீவு கேட்டார். லண்டனில் இந்தியா ஆபீஸ் தரவில்லை. பயிற்சியில் இருக்கிற ஆள் நினைத்த நேரத்தில் விளையாடப் போக முடியாது என்பது அவர்கள் கணக்கு. ஜெய்பால் அனுமதி இல்லாமலேயே கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்ததும் பில் வந்தது. போன நாட்களுக்கு ஈடாகப் பயிற்சியை இன்னொரு வருடம் தொடர வேண்டும் என்றார்கள். நாட்டுக்காக விளையாடப் போனதற்குத் தண்டனையா என்று அவர் அதை ஏற்கவில்லை. ஐசிஎஸ்ஸே வேண்டாம் என்று விலகிவிட்டார். 25 வயதில் எடுத்த முடிவு இது. பின்னால் காசுக் கஷ்டமும் அலைச்சலும் வந்தன. அந்த வேலைக்குத் திரும்பும் வழி மட்டும் வரவே இல்லை.

கேப்டன் இல்லாத இறுதிப் போட்டி

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா இருந்த பிரிவில் ஆஸ்திரியா (6-0), பெல்ஜியம் (9-0), டென்மார்க் (5-0), சுவிட்சர்லாந்து (6-0) என எல்லாருமே கவிழ்ந்தார்கள். பிரிட்டன் அந்த ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணியே அனுப்பவில்லை. ஆண்ட நாடு, ஆளப்பட்ட நாட்டிடம் உலக மேடையில் தோற்பதற்குத் தயங்கியது என்று இந்திய ஹாக்கி வட்டாரத்தில் அன்று தொடங்கிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

இந்திய அணியின் உள் நிலவரமும் அவ்வளவு எளிது இல்லை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆங்கிலோ-இந்தியர்கள். கோல் வாங்காமல் தொடரை முடித்த கோல்கீப்பர் ரிச்சர்டு ஆலன், ஃபுல் பேக் லெஸ்லி ஹேமண்ட், ஹாஃப் பேக் புரூம் பின்னிகர் எல்லாம் அந்த வரிசை. மேலாளர் ரோஸர் ஆங்கிலேயர். கேப்டனோ ஆக்ஸ்போர்டு உச்சரிப்போடு பேசும் ஓர் ஆதிவாசி.

லீக் கட்டத்துக்குப் பிறகு ஜெய்பால் அணியை விட்டு விலகினார். மேலாளரோடு மோதல் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அணிக்குள்ளேயே அவரது தலைமையை ஏற்காதவர்கள் இருந்தார்கள் என்றும் சொல்வார்கள். எப்படியோ, இறுதிப் போட்டியில் அணியை நடத்தியவர் பின்னிகர். தங்கம் வாங்கிய முதல் இந்திய அணியின் கேப்டன் என்ற பெயர் மட்டும் ஜெய்பாலிடமே நின்றது.

வேலை மேல் வேலை

அடுத்த பத்து வருடம் அவர் ஒரே இடத்தில் உட்காரவில்லை. கல்கத்தாவில் பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை. அங்கே இருந்தபோது மோகன் பகான் கிளப்புக்கு ஹாக்கி அணி உருவாக உதவினார். காங்கிரஸின் முதல் தலைவர் டபிள்யூ.சி. பானர்ஜியின் பேத்தி தாரா மஜும்தாரைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு ஆப்பிரிக்காவில் கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், அச்சிமோட்டா கல்லூரியில் ஆசிரியர். அங்கிருந்து ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி. ராஜா வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடம் அது. பிறகு பிகானேர் சமஸ்தானத்தில் உயர் பதவி. (பின்னாளில் அவரது இரண்டாவது மனைவியான ஜகனாரா மாநிலங்களவை உறுப்பினராகி, இந்திரா காந்தி அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார்.)

சம்பளத்துக்குக் குறையில்லை. ஆனால் டக்ரா எங்கோ தூரத்தில் இருந்தது.

1939 ஜனவரியில் அது மாறியது. சோட்டா நாக்பூர் பழங்குடி அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ‘ஆதிவாசி மகாசபை’ என்ற பெயரில் ராஞ்சியில் கூட்டம் நடத்தின. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த நம்ம ஊர்ப் பையன் தலைமை தாங்கட்டும் என்று அழைத்தார்கள். பெருங்கூட்டம் திரண்டது. பீகாரில் இருந்து சோட்டா நாக்பூரைப் பிரித்துத் தனி மாகாணம் ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. மக்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மராங் கோம்கே’, அதாவது பெருந்தலைவர்.

இதில் மறைக்கத் தேவையில்லாத ஒன்று. இரண்டாம் உலகப் போரில் அவர் பிரிட்டிஷ் பக்கம் நின்றார். பழங்குடி இளைஞர்கள் ராணுவத்தில் சேர ஆதரவு தந்தார். காங்கிரஸ்காரர்கள் அதை மறக்கவில்லை. ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிக்கு வட்டிக்காரரும் ஜமீன்தாரும்தான் அன்றாட எதிரி, அவர்களில் பலர் காங்கிரஸுக்குள் இருந்தார்கள் என்பது ஜெய்பால் தரப்பின் பார்வை.

நேருவின் தீர்மானத்துக்கு ஒரு பதில்

1946ல் பீகாரிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். டிசம்பர் 13 அன்று நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நம் அரசியலமைப்பின் முகப்புரைக்கு அதுதான் விதை. டிசம்பர் 19 அன்று ஜெய்பால் பேச எழுந்தார்.

அவரது முறை ரொம்ப நேரடியானது. காட்டுமிராண்டி என்ற அர்த்தத்தில் தங்களைத் திட்டப் பயன்படும் ‘ஜங்லி’ என்ற சொல்லையே எடுத்து, தன்னை அதுவாக அறிமுகம் செய்துகொண்டார். அப்படி இருப்பதில் தனக்குப் பெருமைதான் என்றார். சிந்துவெளி நாகரிகத்தைக் குறிப்பிட்டு, இந்த மண்ணில் தாங்கள் பழையவர்கள், பின்னால் வந்தவர்கள்தான் தங்களைக் காட்டுக்குத் துரத்தினார்கள் என்று சொன்னார். ஜனநாயகத்தைப் பழங்குடிகளுக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை, அதை அவர்களிடம்தான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்பது அவர் வாதம். ஆயிரக்கணக்கான ஆண்டு சுரண்டலுக்குப் பிறகும், எல்லோருக்கும் சம வாய்ப்பு என்ற நேருவின் சொல்லை நம்பி வருகிறோம் என்று தீர்மானத்தை ஆதரித்தார். சபையில் ஆண்கள் ரொம்ப அதிகம், பழங்குடிப் பெண் ஒருவர்கூட இல்லையே என்றும் கேட்டார்.

1948 நவம்பரில் மதுவிலக்கு விவாதம். அதை அரசின் வழிகாட்டு நெறியாக வைக்க சபையில் பெரும் ஆதரவு. காந்தியின் நிழல் படர்ந்த சபை அது. எதிர்த்துப் பேசுவது எளிதில்லை. ஜெய்பால் எதிர்த்தார். அரிசியில் வடிக்கும் கள் பழங்குடிகளின் சடங்கில் ஓர் அங்கம், தண்ணீரில் நின்று நாற்று நடுகிறவர்களுக்கு உடம்பைத் தாங்கும் சங்கதி, மற்றவர்களின் மதப் பழக்கத்துக்குத் தரும் மரியாதையை எங்களுக்கும் தாருங்கள் என்றார். பம்பாயின் பி.ஜி. கேர் போன்றவர்கள் ஏற்கவில்லை. ஜெய்பால் தோற்றார். மதுவிலக்கு 47ஆம் பிரிவில் இடம்பிடித்தது.

அடுத்தது ஒரு பெயருக்கான சண்டை. சட்டத்தில் ‘ஆதிவாசி’ என்றே எழுதுங்கள், மக்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள் என்றார் ஜெய்பால். அம்பேத்கர் இதைச் சட்டக் கண்ணோடு பார்த்தார். ஆதிவாசி என்பது பொதுச் சொல், யார் யார் அதில் அடங்குவார்கள் என்ற வரையறை இல்லை, பட்டியல் போட்டால்தான் உரிமையைக் கேட்டு வாங்க முடியும் என்பது அவர் பதில். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் நின்றது ‘பட்டியல் பழங்குடியினர்’.

இது ஏதோ டெல்லிச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை. இரண்டிலும் பளியர் குடியிருப்புகள் உண்டு. அங்கிருந்து கல்லூரிக்கு இறங்கி வரும் ஒரு பையன் முதலில் வாங்க வேண்டிய காகிதம் எஸ்டி சாதிச் சான்றிதழ். அதைத் தர வேண்டியவர் கோட்டாட்சியர். பட்டியலில் பெயர் இருந்தால்தான் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால்தான் உதவித்தொகையும் இடஒதுக்கீடும். அம்பேத்கர் சொன்ன பட்டியலின் பலம் அதுதான். அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால் ஒருவர் சட்டத்தின் கண்ணில் பழங்குடியே இல்லை என்றாகிவிடுவது அதன் இன்னொரு பக்கம்.

வராமல் போன ஒரு நாள்

1948 ஜனவரி 1, வியாழக்கிழமை. கர்சாவானில் வாரச் சந்தை நாள். அந்தச் சிறிய சமஸ்தானத்தை ஒரிசாவோடு இணைக்கும் முடிவு அன்று அமலுக்கு வருகிறது. அதை எதிர்த்து ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் சந்தை மைதானத்தில் கூடினார்கள். ஜெய்பால் சிங் பேச வருகிறார் என்பதுதான் அவ்வளவு பேரை அங்கே இழுத்தது.

அவர் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. ஒரிசா போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 35 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று அந்தப் பகுதி மக்கள் இன்றுவரை சொல்கிறார்கள். சில மாதங்களில் கர்சாவான் பீகாரோடு சேர்க்கப்பட்டது. ஜார்க்கண்டில் பல ஊர்கள் புத்தாண்டு கொண்டாடும் நாளில் கர்சாவானின் நினைவிடத்தில் இன்றும் துக்கம் கடைப்பிடிக்கிறார்கள். மராங் கோம்கே அன்று ஏன் வரவில்லை என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

சேவல் சின்னமும் 1963ம்

1950ல் மகாசபை ‘ஜார்க்கண்ட் கட்சி’ ஆனது. 1952 தேர்தலில் சேவல் சின்னத்தில் நின்று பீகார் சட்டமன்றத்தில் 32 இடங்களையும், மக்களவையில் 3 இடங்களையும் பிடித்தது. முதல் தேர்தலிலேயே பாட்னாவில் முக்கிய எதிர்க்கட்சி. ஜெய்பால் மக்களவைக்குப் போனார்.

ஆனால் 1955ல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி ஜார்க்கண்டை நிராகரித்தது. கேட்கும் பகுதியிலேயே பழங்குடிகள் பெரும்பான்மை இல்லை, பொதுவான ஒரே மொழியும் இல்லை, சுரங்கமும் ஆலையும் உள்ள பகுதி பிரிந்தால் பீகார் பொருளாதாரம் தள்ளாடும் என்பன காரணங்கள். ஆந்திரமும் நம்ம மாநிலமும் மொழி அடிப்படையில் எல்லை வகுத்துக்கொண்ட அதே காலம் அது. முண்டாரி, சந்தாலி, ஹோ, குருக் என்று பல மொழி பேசுகிறவர்கள் ஒரே மாநிலம் கேட்டால் அந்த அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தவில்லை.

அதன் பிறகு கட்சி தேய ஆரம்பித்தது. 1962ல் 20 இடங்கள். 1963ல் ஜெய்பால் கட்சியைக் காங்கிரஸில் இணைத்துவிட்டார். உள்ளே இருந்தால் மாநிலம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டார். பீகாரில் அமைச்சர் பதவியும் வந்தது. ஆனால் அவரை அழைத்துக்கொண்ட முதல்வர் விநோதானந்த ஜா சில மாதங்களில் பதவி விலகினார். காரணம், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டம்! மெட்ராஸில் பிறந்த யோசனை ராஞ்சி அரசியலில் இப்படி வந்து விழுந்தது. ஜெய்பாலின் அமைச்சர் பதவியும் நீடிக்கவில்லை. மாநிலமும் கிடைக்கவில்லை. கட்சியும் இல்லை.

பலர் இதைத் துரோகம் என்றார்கள். துரோகம் என்பது கடுமையான சொல். தப்புக் கணக்கு என்றால் பொருந்தும். எதிரணியை எப்போது முன்னேற விடுவது, எப்போது நிறுத்துவது என்று மைதானத்தில் அவ்வளவு துல்லியமாகக் கணித்த ஆள், அரசியலில் தன் கையில் இருந்த ஒரே பலத்தை எதிரணியிடமே கொடுத்துவிட்டார். பிற்பாடு அவருக்கே அது உறுத்தியது.

1970 மார்ச் 20 அன்று டெல்லியில் இறந்தார். அப்போதும் எம்.பி.யாகத்தான் இருந்தார். அவர் எழுதி வைத்திருந்த சுயசரிதை ‘லோ பீர் செந்த்ரா’ அச்சில் வர 2004 ஆனது. அதற்குள் ஜார்க்கண்ட் பிறந்திருந்தது. 2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்த நாள். ஒரிசா, வங்கம், மத்தியப் பிரதேசப் பழங்குடிப் பகுதிகளையும் சேர்த்து அவர் கேட்ட பெரிய ஜார்க்கண்ட் அல்ல அது, பீகாரின் தென்பகுதி மட்டும். ராஞ்சியில் ஒரு மைதானத்துக்கு அவர் பெயர் உண்டு. பழங்குடி மாணவர்கள் பிரிட்டனில் உயர்கல்வி படிக்க ஜார்க்கண்ட் அரசு தரும் உதவித்தொகையும் அவர் பெயரில்தான் இருக்கிறது. முதல் மாணவர்கள் 2021ல் போனார்கள்.

தமிழ்நாட்டில் இன்று

ஜெய்பால் அதிகம் வாதாடிய ஐந்தாவது அட்டவணைக்குத் தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. இங்கே அந்த அட்டவணையின்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. ஆனால் பழங்குடிகள் இருக்கும் மாநிலம் என்பதால் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. உறுப்பினர்கள் 20 பேர் வரை. அதில் நான்கில் மூன்று பங்கு பழங்குடி எம்எல்ஏக்களாக இருக்க வேண்டும். நம் சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டு மட்டுமே எஸ்டி தனித்தொகுதிகள் என்பதால் மிச்ச இடங்களைப் பழங்குடிச் சமூகங்களைச் சேர்ந்த மற்றவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும்.

இந்தக் குழு எதைப் பற்றிப் பேசலாம்? ஆளுநர் எதைக் கேட்டு அனுப்புகிறாரோ அதைப் பற்றி ஆலோசனை சொல்லலாம். அந்த ஆலோசனை யாரையும் கட்டுப்படுத்தாது. 1949 செப்டம்பரில் இந்தப் பகுதி சபைக்கு வந்தபோது, குழுவுக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்று கேட்டவர் ஜெய்பால் சிங்.